இறுக்கம் வேறு, பிடிப்பு வேறு

குடும்பப் பத்திரிகையில் துப்பாக்கிக்கு என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். கேட்பது நியாயம்தான். நம் நாட்டில் துப்பாக்கி என்ற சொல்லைச் சொல்வதற்கே ஒரு தயக்கம் உண்டு. 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும், 1971-இல் வந்த கூடுதல் தண்டனைச் சட்டமும் அவ்வளவு கடுமையானவை. காட்டுப்பன்றிகள் செம்பனைக் கன்றுகளைத் தோண்டிப் போட்டால், உரிமம் வைத்திருக்கும் ஒருவர் வேட்டைத் துப்பாக்கியோடு வருவார். நாமெல்லாம் லயத்து வாசலில் நின்று வேடிக்கை பார்ப்போம். நமக்கும் துப்பாக்கிக்கும் உள்ள உறவு பெரும்பாலும் அவ்வளவுதான்.

இருந்தாலும் ஒரு வேட்டைத் துப்பாக்கியில் இருந்த நான்கு சின்ன ஸ்குரூக்களின் கதையை உங்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும். வீட்டில் காற்றாடி மாட்டுகிறவர்களும், மோட்டார் சைக்கிள் ஓட்டுகிறவர்களும், கேஸ் அடுப்பில் சமைக்கிற சகோதரிகளும் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் அதில் இருக்கிறது.

நான் பேராக் மாநிலத்துத் தோட்டம் ஒன்றில், 'ஸ்டோர்' என்று நாம் சொல்லும் ரப்பர் தொழிற்சாலையில், முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக வேலை பார்த்தவன். எஞ்சினையும் ரோலரையும் ஒரே நேர்கோட்டில் நிறுத்துவதுதான் என் பிழைப்பு. என் மகள் நியூசிலாந்தில் நர்ஸாக இருக்கிறாள். மாப்பிள்ளை சுங்கை சிப்புட் பக்கத்துப் பையன்தான். அங்கே தென்கோடியில் சவுத்லாந்து என்ற பகுதியில் ஒரு பால் பண்ணையைக் கவனித்துக்கொள்கிறார். 2024 ஜூன் மாதம் நானும் என் மனைவியும் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தோம். நமக்கு இங்கே வெயில். அங்கே பல்லைக் கிட்டும் குளிர்.

அந்த ஊரில் வேட்டை என்பது நாம் நினைப்பது போன்ற பணக்காரப் பொழுதுபோக்கு அன்று. அதற்கு ஒரு காரணம் உண்டு. வௌவால்களைத் தவிர, அந்தத் தீவுகளுக்கென்று சொந்தமான நிலப் பாலூட்டி எதுவும் கிடையாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிய ஆங்கிலேயர்கள், வேட்டையாடுவதற்கென்றே மான்களைக் கப்பலில் கொண்டுவந்து காட்டில் விட்டார்கள். அடித்துத் தின்னப் புலியும் இல்லை, சிறுத்தையும் இல்லை. மான்கள் பெருகின. காட்டின் இளங்கன்றுகளையெல்லாம் மேய்ந்து தீர்த்தன. கடைசியில் 1930-இல் அரசாங்கம் மான்களுக்கு இருந்த பாதுகாப்பை நீக்கியது. பிறகு ஆட்களைச் சம்பளத்துக்கு அமர்த்தி அவற்றைச் சுடவும் செய்தது. இன்றைக்கும் பொதுக் காட்டில் வேட்டைக்குப் போகிறவர்கள் இயற்கைப் பாதுகாப்புத் துறையிடம் அனுமதிச் சீட்டு வாங்கிப் போகிறார்கள். பல பண்ணை வீடுகளில் வருடத்துக்கு இரண்டு மூன்று மான்கள் உறைபெட்டிக்குள் போகும். அக்கம்பக்கத்தாரோடு பழகிப் பழகி மாப்பிள்ளையும் முறைப்படி உரிமம் எடுத்து ஒரு ரைபிள் வாங்கியிருந்தார்.

போன ஒரு வாரத்திலேயே அந்த வீட்டில் ஏதோ ஒன்று சரியில்லை என்று எனக்குப் பட்டது. நண்பர்கள் வந்து வேட்டைக்குக் கூப்பிட்டால், மாப்பிள்ளை வேலை இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுவார். விஷயத்தை மகள் அடுப்படியில் அம்மாவிடம் சொல்ல, அம்மா என்னிடம் சொன்னாள்.

ஏப்ரல் மாதம் நடந்தது அது. நூற்றைம்பது மீட்டர் தூரத்தில் ஒரு பெண்மான். படுத்து, நிதானமாகக் குறிபார்த்துத்தான் சுட்டிருக்கிறார். மான் துள்ளியது, விழவில்லை, காட்டுக்குள் ஓடிவிட்டது. இருட்டும் வரை இரத்தத் துளிகளைப் பின்தொடர்ந்து போயிருக்கிறார். மறுநாள் விடியற்காலையில் பக்கத்துப் பண்ணைக்காரரையும் அவருடைய நாயையும் அழைத்துக்கொண்டு போய்த் தேடியிருக்கிறார். கிடைக்கவில்லை. எங்கேயோ ஒரு புதரில் அந்த உயிர் எத்தனை மணி நேரம் துடித்ததோ! வீட்டுக்கு வந்தவர் ரைபிளை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டியவர்தான், பிறகு தொடவே இல்லையாம்.

நான் மாமிசம் சாப்பிடுகிறவன்தான். ஆனாலும் கொல்வதற்கும் வதைப்பதற்கும் உள்ள தூரம் எனக்குத் தெரியும். மாப்பிள்ளைக்கும் அது தெரிந்ததால்தான் அவர் மனம் அப்படி நொந்திருந்தது. "என் கை நடுங்கிவிட்டதோ மாமா? கண்ணில் கோளாறோ?" என்று ஒரு நாள் அவராகவே என்னிடம் கேட்டார். பேசப் பேச இன்னொன்றும் வெளியே வந்தது. வேட்டைக்குப் போகுமுன் காகிதக் குறியில் சுட்டுப் பார்த்திருக்கிறார், சரியாக இருந்திருக்கிறது. ஆனால் அதற்கு முந்தைய மாதங்களிலும் குறி அடிக்கடி நகர்ந்துகொண்டே இருந்ததாம். நகரும்போதெல்லாம் தொலைநோக்கியின் குமிழைத் திருகிச் சரிசெய்திருக்கிறார்.

வாசகர்களே, முப்பத்தொரு வருடம் எந்திரத்தோடு கிடந்தவனுக்கு இது போதும். சரிசெய்த பிறகும் ஒரு பொருள் மறுபடி மறுபடி நகர்கிறதென்றால், எங்கேயோ அடியில் பிடிப்பு இல்லை என்று அர்த்தம். "மாப்பிள்ளை, அதை ஒரு நாள் பிரித்துப் பார்ப்போமா?" என்றேன்.

அந்த நாட்டில் உரிமம் இல்லாதவர் துப்பாக்கியைத் தொடுவதென்றால், உரிமம் உள்ளவர் பக்கத்திலேயே நின்று கண்காணிக்க வேண்டும். மாப்பிள்ளை அதில் கறாரானவர். ரைபிளை எடுத்ததும் அது காலியாக இருக்கிறதா என்று கண்ணாலும் விரலாலும் இரண்டு முறை பார்த்தார். 'போல்ட்' என்று சொல்லப்படும் பூட்டுத் தண்டைக் கழற்றி வேறாக வைத்தார். தோட்டாப் பெட்டி அந்த அறைக்குள்ளேயே வரவில்லை. காலி என்று தெரிந்த பிறகும் குழலின் முனையை யார் பக்கமும் திருப்பவில்லை. "எல்லாத் துப்பாக்கியும் நிரம்பியதாகவே நினைக்க வேண்டும், மாமா. இங்கே முதல் பாடமே அதுதான்" என்றார். என் தொழிலிலும், எஞ்சினைத் தொடும் முன் பெல்ட்டைக் கழற்று என்றுதான் எனக்கு முதலில் சொல்லிக்கொடுத்தார்கள்.

இப்போது அந்தக் கருவியைக் கொஞ்சம் விளக்குகிறேன். ரைபிளின் மேல் இருக்கும் தொலைநோக்கியை ஸ்கோப் என்கிறார்கள். மெல்லிய அலுமினியக் குழாய். உள்ளே கண்ணாடி வில்லைகளும் குறுக்குக் கம்பியும் இருக்கும். அது துப்பாக்கியின் மேல் நேராக உட்காருவதில்லை. முதலில் துப்பாக்கியின் உடலில், முன்னே ஒன்று பின்னே ஒன்றாக இரண்டு அடித்தகடுகளை ஸ்குரூ வைத்து முடுக்குகிறார்கள். அவற்றின் மேல் இரண்டு வளையங்கள். வளையங்களுக்குள் ஸ்கோப். ஆகக் குறிபார்க்கிற கண்ணுக்கும் குண்டு போகிற குழலுக்கும் நடுவே உள்ள உறவெல்லாம் அந்தச் சின்ன ஸ்குரூக்களின் கையில்தான் இருக்கிறது.

அதில் எவ்வளவு நுணுக்கம் வேண்டும் தெரியுமா? ஒரு கணக்குச் சொல்கிறேன். இரண்டு வளையங்களுக்கும் இடையே பத்து சென்டிமீட்டர் தூரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் ஒன்று ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடியின் கனம், நகர்ந்தால் போதும். நூறு மீட்டர் தூரத்தில் குறி பத்து சென்டிமீட்டர் விலகும். இருநூறு மீட்டரில் இருபது. மானின் நெஞ்சில் சுட வேண்டிய இடமோ ஒரு சாப்பாட்டுத் தட்டு அளவுதான். ஒரு முடியின் கனத்தில் தட்டு தப்பிவிடும்; பட்ட இடம் வயிறாகவோ காலாகவோ இருக்கும்.

ஸ்கோப்பைக் கழற்றி, வளையங்களை எடுத்து, அடித்தகடுகளின் நான்கு ஸ்குரூக்களையும் ஒவ்வொன்றாக வெளியே எடுத்தோம். எது எந்தத் துளையில் இருந்ததோ அந்த வரிசைப்படியே ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில் வைத்தேன். இரண்டு நீளம், இரண்டு குட்டை. நீளமானவை முன் தகட்டிலிருந்து வந்தவை. அவற்றில் ஒன்றின் நுனியில் காசு போல ஒரு பளபளப்பு இருந்தது.

அந்தப் பளபளப்பைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. முன் துளை ஆழம் குறைந்தது. அடியில் குழலின் மரை இருக்கிறது. அங்கே குட்டை ஸ்குரூ போட வேண்டும். நீளமானதைப் போட்டால், அதன் தலை தகட்டை அழுத்துவதற்கு முன்பே நுனி அடியில் போய் முட்டிக்கொள்ளும். திருகுகிறவர் கைக்கு நன்றாக இறுகிவிட்டது போலவே தோன்றும். ஆனால் தகட்டை யாரும் பிடித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். பின் துளையிலோ குட்டை ஸ்குரூ இரண்டு மூன்று மரைகளில் மட்டும் தொற்றிக்கொண்டிருந்தது. ஸ்கோப்பை மாட்டிக்கொடுத்த கடையில் யாரோ அவசரத்தில் நீளத்தையும் குட்டையையும் மாற்றிப் போட்டிருக்கிறார்கள்.

சோதித்தும் பார்த்தோம். முன் தகட்டை அதே நீள ஸ்குரூக்களோடு மறுபடி வைத்து, இறுகும் வரை முடுக்கினோம். பிறகு ஃபீலர் கேஜின் மிக மெல்லிய இதழைத் தகட்டுக்கு அடியில் நுழைத்தேன். வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. மாப்பிள்ளை அந்த இதழையே பார்த்துக்கொண்டு நின்றார். "இறுக்கமாகத்தானே இருந்தது, மாமா?" என்றார். "ஸ்குரூ இறுக்கமாகத்தான் இருந்தது மாப்பிள்ளை. தகட்டுக்குத்தான் பிடிப்பு இல்லை" என்றேன்.

பெரிய ரைபிளின் குண்டு நொடிக்கு எண்ணூறு மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. ஒவ்வொரு முறையும் அந்த உதை துப்பாக்கியைப் பின்னுக்குத் தள்ளும். மேலே இருக்கும் ஸ்கோப் இருந்த இடத்திலேயே இருக்கப் பார்க்கும். பிடிப்பில்லாத தகடு அந்த இழுபறியில் முடி அளவு நகரும். இன்றைக்குச் சரியாக இருப்பது நாளைக்கு இருக்காது. மாப்பிள்ளை குமிழைத் திருகிய ஒவ்வொரு தடவையும், நகர்ந்துகொண்டிருக்கும் ஒன்றைத்தான் துரத்திக்கொண்டிருந்திருக்கிறார்.

இனி நாங்கள் அதைத் திருப்பி மாட்டிய விதத்தைச் சொல்கிறேன். இதற்கு ஒரு சனிக்கிழமை முழுவதும் ஆயிற்று.

முதலில் துளைகளையும் மரைகளையும் எண்ணெய்ப் பசை போகத் துடைத்தோம். எண்ணெய் இருந்தால் ஸ்குரூ தளரும். குட்டையை முன்னும் நீளத்தைப் பின்னும் போட்டு, போல்ட் தடையில்லாமல் ஓடுகிறதா என்று பார்த்தோம். பின்பக்கம் ஸ்குரூ அளவுக்கு மீறி நீண்டால் அது போல்ட்டை உரசும். தகட்டு ஸ்குரூக்களுக்கு நீல நிற மரைப் பசை ஒரு சொட்டு வைத்தோம். முடுக்குவதற்கு அளவு காட்டும் டார்க் ஸ்குரூடிரைவர் ஒன்றை மாப்பிள்ளை கடன் வாங்கி வந்திருந்தார். தயாரித்தவர் தந்த தாளில் எவ்வளவு என்று போட்டிருக்கிறதோ அவ்வளவுதான். ஒரு பிடி கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

அடுத்து வளையங்கள். அவை இரண்டும் ஒரே கோட்டில் நிற்கின்றனவா என்று பார்க்க, ஸ்கோப் கனத்தில் ஒரு நேரான எஃகுத் தண்டை இரண்டிலும் படுக்க வைத்தோம். எஞ்சின் ஷாப்டையும் ரோலர் ஷாப்டையும் கப்ளிங்கில் நேர் பார்ப்பது போலத்தான். பின் வளையத்தில் ஒரு ஓரம் மட்டும் தண்டைத் தொட்டது. அரைப்புப் பசையைத் தடவி, தண்டை மெல்ல முன்னும் பின்னும் தேய்த்தோம். முக்கால் பங்கு இடம் தண்டில் படும் வரை தேய்த்து நிறுத்தி, பசையைச் சுத்தமாகத் துடைத்தோம். கோணிய வளையத்துக்குள் ஸ்கோப்பை வைத்து நெருக்கினால் அலுமினியக் குழாய் வளைந்துவிடும். வளைந்த குழாயை எந்தக் குமிழும் நேராக்காது.

பிறகு கண்ணுக்கான தூரம். மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் வைத்து, கன்னத்தைப் பதித்து, கண்ணைத் திறக்க வேண்டும். திறந்ததும் வட்டம் முழுவதும் வெளிச்சமாகத் தெரிகிற இடத்தில் ஸ்கோப்பை நிறுத்தினோம். கண்ணுக்கும் கண்ணாடிக்கும் இடையே ஒன்பது சென்டிமீட்டர் வந்தது. இதைக் குறைத்தால், உதைக்கும்போது ஸ்கோப்பின் விளிம்பு புருவத்தைக் கிழித்துவிடும்.

குறுக்குக் கம்பி செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்குக் கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டுதான் உதவியது. கொட்டகையின் மறுகோடியில் நூலில் குண்டைத் தொங்கவிட்டோம். துப்பாக்கியை ரசமட்டம் வைத்து மட்டமாக்கினோம். ஸ்கோப்பை மெல்லத் திருப்பி, உள்ளே தெரியும் கம்பியும் வெளியே தொங்கும் நூலும் ஒன்றாகும்படி செய்தோம். கம்பி சாய்ந்திருந்தால், தூரத்துக்காகக் குறியை உயர்த்தும்போது குண்டு பக்கவாட்டிலும் விலகும்.

கடைசியாக வளையத்தின் மேல் மூடிகள். ஒரு பக்கத்தை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கத்துக்குப் போகக் கூடாது. கார்ச் சக்கரத்தின் நட்டுகளைப் போல எதிரும் புதிருமாக, கால் திருப்பு, கால் திருப்பாகப் போக வேண்டும். இரண்டு பக்கமும் இடைவெளி ஒரே அளவாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முடுக்கும்போதே ஸ்கோப் சுழன்று, தூக்குக்குண்டு வைத்துப் பார்த்த வேலையெல்லாம் வீணாகும். இங்கேயும் தாளில் போட்டிருந்த அளவுதான்; பதினைந்து இன்ச்-பவுண்டு சுற்றளவில் ஏதோ ஒன்று. நம் பிள்ளைகள் ஸ்பேனரில் தொங்குவது போலத் தொங்கினால் குழாய் நசுங்கிப் போகும்.

மறுநாள் சுடும் பயிற்சித் திடலுக்குப் போனோம். போல்ட்டைக் கழற்றிய நிலையில், மணல்மூட்டையின் மேல் ரைபிளை வைத்து, குழல் வழியாகவே குறியைப் பார்த்தார் மாப்பிள்ளை. ரைபிளை அசைக்காமல் குறுக்குக் கம்பியையும் அதே இடத்துக்குக் கொண்டுவந்தார். முதலில் இருபத்தைந்து மீட்டரில் சுட்டு, பிறகு நூறு மீட்டருக்குப் போனார். குமிழ் ஒரு 'கிளிக்' நகர்ந்தால் நூறு மீட்டரில் ஏறக்குறைய ஏழு மில்லிமீட்டர் மாறும். ஒரு குண்டை நம்பித் திருகாமல், மூன்று மூன்றாகச் சுட்டு, அவற்றின் நடுவைப் பார்த்துத் திருகினார். இடையிடையே குழல் ஆறக் காத்திருந்தார். கடைசி மூன்று துளைகளும் ஒரு தீப்பெட்டிக்குள் அடங்கின. அடுத்த இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளிலும் போய்ச் சுட்டார். குமிழைத் தொடவே வேண்டியிருக்கவில்லை. குறி நின்ற இடத்தில் நின்றது.

காரணம் கண்டுபிடித்துவிட்டோம் என்று மாப்பிள்ளை துள்ளிக் குதிக்கவில்லை. "கையில் கோளாறு இல்லை என்று தெரிந்ததில் நிம்மதிதான் மாமா. ஆனாலும் அந்த மான் போனது போனதுதானே" என்றார். அந்தச் சொல்லுக்காகவே எனக்கு அவர் மேல் மதிப்புக் கூடிற்று. கடைக்காரர் மேல் பழியைப் போட்டுவிட்டுத் தூங்கிவிடுகிற மனிதர் அவர் இல்லை.

நாங்கள் ஊர் திரும்புவதற்கு முன் ஒரு தடவை வேட்டைக்குப் போனார். மாலையில் வெறுங்கையோடு வந்தார். மான் தெரிந்ததாம், நல்ல தூரம்தானாம். ஆனால் மான் நின்றது மேட்டின் உச்சியில். பின்னால் வானம்தான் தெரிந்தது. குண்டு தவறினால் மேட்டுக்கு அந்தப் பக்கம் எங்கே போய் யார் மேல் விழும் என்று சொல்ல முடியாது. அதனால் சுடவில்லை. "குறி சரியாக இருந்தால் போதாது மாமா, குறிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் தெரிய வேண்டும்" என்றார். அன்றைக்கு என் மகள் ஒன்றும் பேசாமல், அவருக்குப் பிடித்த புளிக்குழம்பு வைத்தாள்.

வாசகர்களே, நம்மில் பெரும்பாலோர் ஆயுளில் ஒரு ரைபிளைத் தொடப் போவதில்லை. ஆனால் அந்த நீள ஸ்குரூ நம் வீடுகளிலும் இருக்கிறது. சிமெண்டு உதிர்ந்த ஓட்டையில் சுழன்று நிற்கும் காற்றாடிக் கொக்கி. மரை கோணலாக ஏறிய மோட்டார் சைக்கிள் நட்டு. வாஷர் தேய்ந்த கேஸ் ரெகுலேட்டர். கைப்பிடிச் சுவரில் முடுக்கியதாக நினைத்து விட்டுவிட்ட இரும்புக் கம்பி. எல்லாம் கைக்கு இறுக்கமாகத்தான் தெரியும். பளு வரும் நாளில்தான் பிடிப்பு இல்லை என்று தெரியவரும்.

ஆகவே எதை மாட்டினாலும், முடுக்கி முடித்ததும், பிடிக்க வேண்டிய பொருளை அசைத்துப் பாருங்கள். ஸ்குரூவைக் கேட்காதீர்கள், அது எப்போதும் "இறுகிவிட்டேன்" என்றுதான் சொல்லும். கழற்றியவற்றை வரிசையாகத் தட்டில் வையுங்கள். நீளமும் குட்டையும் கலந்து வந்தால், எது எங்கே என்று தாளைப் படித்துவிட்டுப் போடுங்கள். ஒன்று மறுபடி மறுபடி நகர்ந்தால், மேலே திருகிக்கொண்டிருக்காமல் அடியில் பிரித்துப் பாருங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காட்டுங்கள். ஒரு முடியின் கனம் எவ்வளவு பெரியது என்று அவர்களும் சின்ன வயதிலேயே தெரிந்துகொள்ளட்டும்.